மேல்தட்டு ரசிகை

லண்டன் ராயல் ஆப்பரா ஹவுஸில் காசுள்ளவர்கள் கீழே உட்காருவார்கள். எங்களைப் போன்றவர்கள் படி ஏற வேண்டும். பொன்பூச்சு, சிவப்பு வெல்வெட், திரையின் மூலையில் அரச பெயர்க்குறி எல்லாம் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் 2,200க்கும் மேற்பட்ட இருக்கைகள் உள்ள அந்த அரங்கில் டிக்கெட் விலை இறங்க இறங்க நாம் ஏறிக்கொண்டே போவோம். கடைசியில் கூரையின் வளைவுக்குக் கீழே, பக்கவாட்டில், நீளமான பெஞ்சுகள் இருக்கும். ஸ்லிப்ஸ் என்பார்கள். அங்கே உட்கார்ந்தால் மேடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தெரியாது. கைப்பிடிக் கம்பியில் முகவாயை வைத்து எட்டிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெரியும். பின்னால் இருப்பவர் தொண்டையைச் செருமுவார். இடுப்பும் கழுத்தும் வெவ்வேறு திசையில் முறுக்கிக்கொண்டு மூன்று மணி நேரம். என் பாலே ரசனை முழுக்க இந்த முறுக்கலில் வளர்ந்ததுதான்.

முதல் முறை போனது 2006 மே மாதம். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்தவள், குழந்தைக்குக் காய்ச்சல் என்று தன் டிக்கெட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். 'ஸ்லீப்பிங் பியூட்டி'. தஞ்சாவூரில் மார்கழிக் கச்சேரியும் வருஷத்துக்கு இரண்டு பரதநாட்டிய அரங்கேற்றமும் பார்த்து வளர்ந்த எனக்கு, பாலே என்றால் வெள்ளைப் பாவாடை கட்டிய பொம்மை சுற்றும் இசைப்பெட்டி, அவ்வளவுதான். சும்மா கிடைத்த டிக்கெட்டை விடுவானேன் என்று போனேன்.

அது சாதாரண ஸ்லீப்பிங் பியூட்டி இல்லை என்பதை இடைவேளையில் நிகழ்ச்சிப் புத்தகத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்த அரங்கு பொதுமக்கள் ஆடும் டான்ஸ் ஹாலாக இருந்திருக்கிறது. போர் முடிந்து 1946 பிப்ரவரி 20 அன்று மறுபடி திறந்தபோது, நினெட் டி வாலுவாவின் குழு (இன்றைய ராயல் பாலே) ஆடியது இந்த பாலேதான். துணிக்கு ரேஷன் இருந்த காலம். கூப்பன் சேர்த்து, கிடைத்த துணியையெல்லாம் ஒட்டுப்போட்டு, ஆலிவர் மெஸல் வரைந்த அரண்மனையை மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள். மார்கோ ஃபான்டெய்ன்தான் நாயகி ஆரோரா. குழு தொடங்கி 75 ஆண்டு நிறைந்ததற்காக அந்தப் பழைய காட்சியமைப்பை 2006இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். நான் பார்த்தது அதைத்தான்.

ஆரோராவுக்குப் பதினாறு வயது நிறையும் நாள். பெண் கேட்டு நான்கு இளவரசர்கள் வந்திருக்கிறார்கள். அவள் ஒற்றைக் காலின் விரல்நுனியில் நின்று, மறு காலைப் பின்னால் மடக்கித் தூக்கி, ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வருகிறாள். அந்தக் கையை விட்டுத் தன் கையைத் தலைக்கு மேல் உயர்த்துகிறாள். பிடிமானமே இல்லை. அப்புறம் கை இறங்கி அடுத்தவன் கையில் அமர்கிறது. இப்படி நான்கு பேரிடமும். ரோஸ் அடாஜியோ என்று பேர்போன இடம் அது. கீழே இருந்தவர்கள் எல்லோரும் அவள் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். நான் இருந்த உயரத்திலிருந்து கணுக்கால் அவ்வளவு தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளைச் சுற்றி நின்ற பெண்கள் விலகியதும் சேர்ந்ததும்தான். அவள் ஒரு சுற்று முடிக்கும்போது பின்னால் இருந்த வரிசை இரண்டாகப் பிரிந்து அவளுக்கு வழிவிட்டது. யாரும் அவசரப்படவில்லை. யார் எப்போது நகர்ந்தார்கள் என்றே தெரியவில்லை. பார்க்கும்போது இடம் மாறியிருந்தது. நாயகியை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்தைப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கே தொற்றிக்கொண்டது.

அதற்குப் பிறகு சம்பளம் வந்ததும் முதலில் பார்ப்பது பாலே அட்டவணை என்றாயிற்று. அப்போதெல்லாம் அன்றன்றைய ஆட்டத்துக்கென்று சில டிக்கெட்டுகளை ஒதுக்கிவைத்து, காலை பத்து மணிக்குக் கவுண்டரில் விற்பார்கள். இரவுப் பணி முடிந்து நேரே அரங்கு இருக்கும் போ தெருவுக்குப் போய் வரிசையில் நிற்பேன். எதிரே ஆஸ்கார் வைல்டைக் கூண்டில் நிறுத்திய பழைய நீதிமன்றக் கட்டடம். நான் வரிசையில் நிற்க ஆரம்பித்த வருஷம்தான் அதை மூடினார்கள். மழை பெய்தால் தூணோரம் ஒதுங்குவோம். பிளாஸ்கில் டீ கொண்டுவருபவர்கள், மடக்கு நாற்காலி கொண்டுவருபவர்கள், பின்னல் வேலை செய்பவர்கள் என்று வரிசைக்கு என்று ஒரு குடும்பம் இருந்தது.

அதில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். மனசுக்குள் நான் அவருக்கு டீச்சர் என்றே பெயர் வைத்திருந்தேன். அறுபதுகளிலிருந்து இந்த வரிசையில் நிற்பவர். எதையும் சுலபத்தில் பாராட்டமாட்டார். ரோஸ் அடாஜியோவில் பெண் ஒற்றைக் காலில் நிற்கும்போதே கைதட்டுகிறவர்களைச் சர்க்கஸ் கூட்டம் என்பார். 'ஸ்வான் லேக்'கில் கறுப்பு அன்னம் சுற்றும் முப்பத்திரண்டு ஃபுவெத்தேயும் அவருக்குச் சர்க்கஸ்தான். அந்த முப்பத்திரண்டை ரஷ்யாவுக்குக் கொண்டுபோனவள் பியரினா லெக்னானி என்ற இத்தாலியக்காரி. அவள் செய்துகாட்டியதால் 1895இல் ஸ்வான் லேக்கில் அது நிரந்தரமாக ஏறிவிட்டது, அதற்கு முன்னால் உலகம் நன்றாகத்தான் இருந்தது என்று டீச்சர் புலம்புவார். இதில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. எனக்கு அந்தச் சுற்று பிடிக்கும். ஒவ்வொரு முறையும் எண்ணுவேன். ஆடுகிறவளின் காலடி தொடங்கிய இடத்தைவிட்டு எவ்வளவு தள்ளிப்போகிறது என்று மேலிருந்து பார்த்தால் துல்லியமாகத் தெரியும். சிலர் வாத்தியக் குழுவை நோக்கி ஒரு கஜ தூரம் நகர்ந்துவந்துவிடுவார்கள். சிலர் தரையில் ஆணி அடித்த மாதிரி அதே இடத்தில்.

கென்னத் மக்மில்லனின் 'ரோமியோ ஜூலியட்' 1965 பிப்ரவரி 9 அன்று இந்த அரங்கில் முதன்முதலாக ஆடப்பட்டது. ஃபான்டெய்னும் ருடால்ஃப் நூரயேவும் ஆடினார்கள். ஆட்டம் முடிந்து 43 முறை திரை முன்னால் வந்து வணங்கினார்கள். கைதட்டல் ஓய நாற்பது நிமிடம் ஆனது. லண்டனில் பாலே ரசிகர்கள் கூடும் இடத்திலெல்லாம் இந்தக் கதை வரும். டீச்சரிடம் "நீங்கள் அன்றைக்கு இருந்தீர்களா?" என்று கேட்டேன்.

"இருந்தேன் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் உண்மையிலேயே இருந்திருந்தால் மாடம் இடிந்து விழுந்திருக்கும். நான் பிறகுதான் போனேன். போனதும் இவர்களைப் பார்க்க இல்லை."

மக்மில்லன் அந்த ஜூலியட்டை லின் ஸீமர் என்ற இளம் பெண்ணை வைத்து, அவளுடைய உடம்பிலிருந்து, அசைவு அசைவாக உருவாக்கினார். கிறிஸ்டஃபர் கேபிள்தான் அவருடைய ரோமியோ. ஆனால் முதல் இரவு பெரிய பெயர்களுக்குப் போயிற்று. ஃபான்டெய்னுக்கு அப்போது வயது 45. நாற்பது வருஷம் கழித்தும் அதைச் சொல்லும்போது டீச்சரின் உதடு துடிக்கும். எனக்கு அது விசித்திரமாக இருந்தது, யாரோ ஒருத்திக்குக் கிடைக்காத முதல் இரவுக்காக இன்னொருத்தி ஆயுசு முழுக்கக் கோபப்படுவது. பிறகு நானும் அப்படியே ஆகிவிட்டேன். யாருக்கு எந்த வேஷம் கொடுக்கவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டு இரவு ரயிலில் வீடு திரும்பியிருக்கிறேன்.

இதெல்லாம் ஒரே பாலேயைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் வரும் நோய். பாலேக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள், "போன மாதம்தானே பார்த்தாய்?" என்று. தோடி போன வருஷம்தானே கேட்டாய் என்று மயிலாப்பூரில் யாரையாவது கேட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். மக்மில்லனின் ஜூலியட்டில் ஓரிடம். வேறொருவனைக் கட்டிக்கொள் என்று பெற்றவர்கள் நெருக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அவள் கட்டிலின் ஓரத்தில் நம்மைப் பார்த்து உட்காருகிறாள். அவ்வளவுதான். ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. புரொகோஃபியெவின் இசை மட்டும் அலையலையாக எழும்புகிறது. ஒரு நடனக்காரியிடம் நடனத்தைப் பிடுங்கிவிட்டு உட்காரவைத்தால் என்ன செய்வாள்? ஒருத்தி கண்ணை மட்டும் மெல்ல உயர்த்தினாள். இன்னொருத்திக்குத் தோள்பட்டை இரண்டும் ஏறிக்கொண்டே வந்தது, மூச்சு முட்டுகிறவளைப் போல. வேறொருத்தி, அவள் பெயரைச் சொல்லமாட்டேன், தலைமுடியைச் சரிசெய்தாள். எனக்கு அன்று முழுவதும் ஆறவில்லை. இசை உச்சத்துக்குப் போகும்போது ஜூலியட் சட்டென்று எழுந்து, மேலங்கியைப் பிடித்துக்கொண்டு பாதிரியாரிடம் ஓடுவாள். அந்த ஓட்டத்தின் முதல் அடி எப்படி விழுகிறது என்பதைப் பார்த்தால் இத்தனை நேரம் அவள் உண்மையாகவே யோசித்தாளா, தாளத்தை எண்ணினாளா என்று தெரிந்துவிடும்.

யார் ஆடுகிறார்கள் என்று அப்போதெல்லாம் ஒற்றைத் தாளில் அச்சடித்து வாசலில் சும்மா கொடுப்பார்கள். அந்தத் தாள்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். கதாநாயகர் பெயர்கள் மேலே பெரிதாக. கீழே வேடம் வேடமாக, சின்ன எழுத்தில் மற்றவர்கள். சின்ன எழுத்தில் வந்த பெயர் வருஷத்துக்கு வருஷம் தாளில் மேலே ஏறி வருவதைப் பார்ப்பது தனி சுகம். யாஸ்மின் நக்தி 2010இல் கடைசிப் படியான ஆர்ட்டிஸ்டாகச் சேர்ந்தார், 2017இல் முதன்மை நடனக்காரர். ஃபிரான்செஸ்கா ஹேவர்ட் 2016இல். கூட்டத்தில் நிற்கும்போதே அவர்கள்மேல் கண்வைத்து, டீச்சரோடு பந்தயம் கட்டியவள் நான். கட்டிய எல்லாப் பந்தயத்தையும் எழுதினால் வெட்கக்கேடு. வென்றவை இரண்டையும் எழுதிவிட்டேன்.

'நட்கிராக்கர்' பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசை இல்லை. கிறிஸ்துமஸ் மரம் மேடையில் வளர்கிற இடம் நன்றாக இருக்கும். மற்றபடி, பக்கத்து இருக்கைக் குழந்தை சாக்லேட் காகிதத்தைப் பிரிக்கும் ஓசையே அன்றைய தனி ஆவர்த்தனம்.

'லா பயதேர்' பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். மாரியஸ் பெட்டிப்பா 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உருவாக்கியது. இசை லுட்விக் மின்குஸ். கதை நடப்பது இந்தியாவில். நிக்கியா என்ற கோவில் நாட்டியக்காரி, சோலோர் என்ற வீரன், கம்ஸாத்தி என்ற ராஜகுமாரி. இந்தியாவில் எந்தக் காலத்திலும் யாருக்கும் வைத்திருக்க முடியாத பெயர்கள். புனித நெருப்பைச் சுற்றி அரைநிர்வாணப் பக்கிரிகள் குதிக்கிறார்கள். கோவில் திருவிழாவுக்கு வியன்னா வால்ட்ஸ் வாசிக்கிறார்கள். உடம்பெல்லாம் பொன்வண்ணம் பூசிய சிலை ஒன்று உயிர்பெற்று ஆடுகிறது. நாயகி சுடிதார் மாதிரி ஒன்றும், வயிறு தெரியும் மேல்சட்டையும் போட்டிருப்பாள். முதல் முறை, 2009 ஜனவரியில், நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். மாடத்தில் நான் ஒருத்திதான் இந்தியாக்காரி. சிரிக்க எனக்குத்தான் உரிமை என்பதுபோல யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் நிழல்களின் ராஜ்ஜியம் வந்தது. பூக்கூடையில் ஒளித்துவைத்த பாம்பு கடித்து நிக்கியா செத்துப்போகிறாள். சோலோர் துக்கம் தாங்காமல் அபின் புகைத்துக் கண் மூடுகிறான். இருட்டில் மேடையின் பின்பக்கம் ஒரு சரிவுப் பலகை. அதன் உச்சியில் வெள்ளை உடையில் ஒருத்தி தோன்றுகிறாள். ஒரு காலில் நின்று மறு காலைப் பின்னால் நீட்டி முன்னால் சாய்கிறாள், அரபெஸ்க். நிமிர்ந்து, ஒரு காலைப் பின்னுக்கு வைத்து, கைகளை உயர்த்தி, முதுகை லேசாக வளைக்கிறாள். இரண்டு அடி எடுத்து வைக்கிறாள். மறுபடி அரபெஸ்க். இப்போது அவளுக்குப் பின்னால் உச்சியில் இரண்டாவது பெண். அதே அசைவு, அதே கணத்தில். பிறகு மூன்றாவது. சரிவு வளைந்து வளைந்து இறங்க, ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொண்டே போகிறது. ராயல் பாலேயில் 24 பேர். ரஷ்யாவின் மரீன்ஸ்கி அரங்கில் 32. மொத்தத்தில் இவ்வளவுதான் அசைவு. நடனப் பள்ளியில் படிக்கும் சிறுமிகூட ஒரு முறை செய்துகாட்டிவிடுவாள். முதலில் வந்தவள் அதை எத்தனை முறை செய்ய வேண்டும் என்று யோசித்தால்தான் வயிற்றைக் கலக்கும். கடைசிப் பெண் உச்சியில் தோன்றும்போது முதல் பெண்ணின் நிற்கும் கால் எரிந்துகொண்டிருக்கும். ஒரு நாள் இரவு, இரண்டாம் வளைவில் ஒருத்திக்குக் கால் லேசாக ஆடியது. ஒரு நொடிகூட இல்லை. அடுத்த அரபெஸ்க்கில் அவளுக்கு முன்னால் இருந்தவளும் பின்னால் இருந்தவளும் வழக்கத்தைவிட ஒரு நூலிழை நிதானமாகச் சாய்ந்ததுபோல எனக்குப் பட்டது, அவளைத் தங்களுக்கு நடுவே பிடித்து நிறுத்துவதற்காக. என் பிரமையாகவும் இருக்கலாம். டீச்சர் எதையும் கவனிக்கவில்லை என்றார்.

எல்லோரும் தரைக்கு வந்து வரிசை கட்டி நின்ற பிறகு நாயகி வருகிறாள், நாயகன் வருகிறான், துள்ளல், சுழல் எல்லாம் நடக்கிறது. என்னைக் கேட்டால் அதற்கு முன்பே பாலே முடிந்துவிட்டது. ஆளையும் பெயரையும் கதையையும் கழற்றிப்போட்டுவிட்டு வெறும் இறங்குதலை மட்டும் வைத்து இப்படி ஒன்றைச் செய்ய முடியும் என்று 1877இல் ஒரு மனிதனுக்குத் தோன்றியிருக்கிறது. இந்தியாவைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாததை இதற்காக மன்னித்துவிடலாம்.

2009இல் தமாரா ரோஹோ நிக்கியா, கார்லோஸ் அக்கோஸ்தா சோலோர், மரியநெலா நூன்யெஸ் கம்ஸாத்தி. பணக்கார ராஜகுமாரியாக நூன்யெஸ் வந்து நின்ற நிற்பிலேயே சோலோர் எந்தப் பக்கம் சாய்வான் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவு மினுமினுப்பு. 2018 நவம்பரில் மறுபடி போட்டார்கள். தாளைப் பார்த்தேன்: நிக்கியா, மரியநெலா நூன்யெஸ். கம்ஸாத்தி, நடாலியா ஒஸிபொவா. இரண்டு பெண்களும் எதிரெதிரே நின்று சண்டைபோடும் காட்சியில், ராஜகுமாரி ஆபரணத்தைக் கழற்றி, இதை எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிடு என்று நீட்டுவாள். ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தக் கையை நீட்டியவள் இப்போது அதைத் தட்டிவிட்டு நிற்கிறாள். புதிதாக வந்தவர்கள் பார்த்தது ஒரு சண்டையை. பழைய தாள்களை டின்னில் வைத்திருப்பவர்கள் பார்த்தது வேறு.

லா பயதேரைச் சும்மா சிரித்துவிட்டுப் போக முடியாதபடி இன்னொரு விஷயமும் தெரியவந்தது. 'ஜிஸெல்' பார்க்கப் போனபோது கதை எழுதியவர்களில் ஒருவராக தியோஃபில் கோத்தியே என்ற பிரெஞ்சுக் கவிஞரின் பெயர் இருந்தது. இந்தப் பெயரை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று தேடினால், 1838இல் பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் திருவந்திபுரம் கோவிலைச் சேர்ந்த தேவதாசிகளைத் தார்டிவெல் என்ற வியாபாரி ஒப்பந்தம் போட்டுப் பாரிசுக்கு அழைத்துப்போயிருக்கிறார். அவர்களில் அமானி என்று பிரெஞ்சுக்காரர்கள் எழுதிய பெண்ணின் ஆட்டத்தில் சொக்கிப்போய்ப் பக்கம் பக்கமாக எழுதியவர் இதே கோத்தியே. ழான் ஒகுஸ்த் பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வடித்தார். மேடையில் 'பயதேர்', அதாவது கோவில் நாட்டியக்காரி, வேஷம் கட்டிய மரீ தாலியோனியை 1830லிருந்து பார்த்துப் பழகிய பாரிஸ்காரர்கள், நிஜமான ஆட்டக்காரி எதிரே வந்து நின்றதும் திணறியிருக்கிறார்கள். மூன்று வருஷம் கழித்து ஜிஸெல். 1858இல் கோத்தியே எழுதிய 'சகுந்தலா' என்ற பாலேக்கு நடனம் அமைத்தவர் லூசியான் பெட்டிப்பா. ஜிஸெல்லின் முதல் நாயகனும் அவர்தான். அவருடைய தம்பிதான் லா பயதேர் செய்த மாரியஸ்.

திருவந்திபுரத்துப் பெண்கள் பாரிசிலிருந்து லண்டனுக்கும் வந்தார்கள். 1838 அக்டோபரில் அடெல்ஃபி அரங்கில் ஆடினார்கள். அடெல்ஃபி இன்றும் ஸ்ட்ராண்ட் தெருவில் இருக்கிறது. கட்டடம் புதியது, இடம் அதே இடம். போ தெருவிலிருந்து பொடிநடையாகப் பத்து நிமிடம்கூட ஆகாது. இத்தனை வருஷம் ஆட்டம் முடிந்து பஸ் பிடிக்க அந்த வழியாகத்தான் நடந்துபோயிருக்கிறேன். லண்டன் அக்டோபர்க் குளிரில் சலங்கையைக் கட்டிக்கொண்டு, மத்தளக்காரரும் தாளக்காரரும் பின்னால் நிற்க, அவர்கள் எதை ஆடினார்கள், முன்வரிசைக்காரன் எதற்குக் கைதட்டினான் என்று யோசித்தால் மேடையில் குதிக்கும் பக்கிரிகள் மேல் பழைய மாதிரிச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. நாற்பது வருஷம் கழித்து, இரண்டு மூன்று கைமாறி, அந்த ஞாபகத்தில் மிஞ்சியது இவ்வளவுதான் போலிருக்கிறது.

மேலே உட்கார்ந்து பழகியதில் ஒரு குறை உண்டு. காதால் பார்க்க முடியாது. ஒரே ஒரு முறை யாரோ வராததால் கீழே இரண்டாவது வரிசை கிடைத்தது. அன்றைக்குத்தான் பாயின்ட் ஷூவுக்குச் சத்தம் உண்டு என்று தெரிந்தது. காற்றில் மிதப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த அன்னங்கள் டக்டக்கென்று கட்டைச் செருப்புக் கூட்டம் மாதிரி ஓடின. வாத்தியக் குழு தணியும்போது மூச்சு வாங்குவதும் கேட்டது. மறுநாள் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் உள்ள ஃப்ரீட் கடைக்குப் போனேன். 1929லிருந்து பாலே ஷூ செய்பவர்கள். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கக் கேட்டேன். வெளியே வழவழவென்று இளஞ்சிவப்பு சாட்டின். நுனிப்பகுதி உள்ளே சாக்குத்துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காய்ந்து, தட்டினால் மரம் போலச் சத்தம். அடியில் தோலில் ஒரு சின்ன முத்திரை. எந்தத் தொழிலாளி செய்தது என்பதற்கான அடையாளம். நடனக்காரிகள் அவரவர் காலுக்குப் பழகிய முத்திரையைக் கேட்டு வாங்குவார்கள், தையல்காரரை மாற்றாத நம் ஊர்ப் பெண்களைப் போல. வாங்கி வந்ததும் அடித்து, வளைத்து, கதவிடுக்கில் நசுக்கி, நுனியை நூலால் தைத்து, அப்புறம்தான் போடுவார்கள். பெரிய பாலே என்றால் ஒரு இரவிலேயே ஒரு ஜோடி செத்துப்போகும். கடைக்காரப் பெண் "உங்களுக்கா?" என்று கேட்டாள். என் அகலமான கால்களை இருவரும் ஒருசேரக் குனிந்து பார்த்தோம்.

அம்மா 2015 வசந்தத்தில் வந்தார். மூட்டுவலி, ஸ்லிப்ஸுக்கு ஏறமாட்டார். கையிருப்பைக் கரைத்து நடுமாடத்தில் இரண்டு இருக்கை வாங்கினேன். ஃப்ரெடரிக் ஆஷ்டன் 1960இல் செய்த 'லா ஃபீல் மால் கார்டே'. பண்ணைவீட்டு விதவை, அவள் பெண் லீஸ், அந்தப் பெண்ணுக்கு ஒரு காதலன், பணக்காரத் திராட்சைத் தோட்டக்காரரின் அசட்டுப் பிள்ளை. திரை விலகியதுமே ஒரு சேவலும் கோழிகளும் வந்து ஆடின. அம்மா என் கையைப் பிடித்தார். விதவை சிமோன் வேஷத்தை எப்போதும் ஆண்தான் கட்டுவார். கட்டைச் செருப்பு மாட்டிக்கொண்டு அவர் ஆடுகிற இடத்தில் அரங்கமே சிரித்தது.

"ஏண்டி, இது ஆம்பளையா?"

"ஆமாம்மா."

"அதானே பார்த்தேன். எங்க காலத்து ஸ்திரீபார்ட் இப்படித்தான், நெஜப் பொம்பளையவிட ஒரு சுத்து ஜாஸ்தியா இடுப்ப ஆட்டுவான்."

மேடைக்கு நிஜக் குட்டிக் குதிரை ஒன்று வண்டியை இழுத்துக்கொண்டு வந்தபோது, அது ஏதாவது செய்துவைத்தால் யார் துடைப்பார்கள் என்று கவலைப்பட்டார். பாலேயின் கைச்சாடையெல்லாம் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மோதிர விரலைத் தொட்டால் கல்யாணம், முகத்தைச் சுற்றி விரலை ஓட்டினால் அழகி, தலைக்கு மேல் கைகளைச் சுழற்றினால் ஆட்டம் என்று நான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டவை. அவர் பரதநாட்டியத்தில் பதம் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே போனார். லீஸ் வீட்டில் தனியாகப் பூட்டப்பட்டிருக்கும்போது, கல்யாணம் ஆனால் எப்படி இருக்கும் என்று கற்பனையில் விளையாடுவாள். ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை, மூன்று என்று விரல்விட்டு, ஒன்றை மடியில் போட்டுத் தட்டி, ஒன்றை அதட்டுவாள். காதலன் வைக்கோல் கட்டுக்குள் ஒளிந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்திருப்பான். அவன் வெளியே வந்ததும் அவளுக்கு வெட்கம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அம்மா அந்த இடத்தில் சிரிக்கவில்லை. முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வழக்கம்போல ரிப்பன் நடனத்தில் பின்வரிசைப் பெண்களின் கோணத்தைக் காட்டினேன். கம்பத்தைச் சுற்றி ரிப்பன் பின்னிப் பிரிவதில் யார் எப்போது குனிகிறார்கள் என்று சொன்னேன். "இரு, இரு, அவ என்ன பண்றான்னு பார்க்கறேன்," என்று கையை விலக்கிவிட்டார். இத்தனை வருஷம் கூட்டத்தைப் பார்த்த பெருமையெல்லாம் அவரிடம் எடுபடவில்லை.

வெளியே வந்து படியில் நின்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆள் ஆடுவார்கள் என்று இடைவேளையில் நான் சொன்னதை மறக்கவில்லை.

"நாளைக்கு வேற பொண்ணா? அந்த ரஷ்யாக்காரின்னியே."

"ஒஸிபொவா. டிக்கெட் இல்லம்மா, எப்பவோ வித்துப்போச்சு."

"அந்த வெட்கப்படற இடத்த அவ எப்படிச் செய்வா?"

அது எனக்கும் தெரியவில்லை. காலையில் ஏழு மணிக்கு எழுப்பிவிடச் சொல்லிவிட்டுப் படுத்தார். டீயைப் பிளாஸ்கில் தானே போட்டுக்கொள்வதாகவும் சொன்னார்.